பிசியோவின் பதிவு எண்ணும் கட்டிலடிக் கொப்பியும்

திருநெல்வேலி_01

பாரிசவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விட்ட கையோடு பிசியோ (இயன்மருத்துவர்) தேடுகிற அலைச்சல் தொடங்கும். ஆரோ ஒருவரின் நம்பர் கைமாறி வரும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவார்கள். வருகிறவரிடம் "உங்களுக்குப் பதிவு இருக்கோ?" என்று கேட்க மட்டும் எல்லாருக்கும் கூச்சம். இதில் கண்டதையும் கையாண்டதையும் எழுதுங்கோ. எதைப் பார்க்க வேணும், பிழை நடந்தால் எங்கே எழுத வேணும் என்பதுதான் தேவை.

சுன்னாகம்_இயன்

இலங்கையில் இயன்மருத்துவர்களைப் பதிவது இலங்கை மருத்துவ சபை. 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ், டாக்டர்மாரைப் பதிகிற அதே சபைதான் மருத்துவத்துக்குத் துணையான தொழில்களுக்கும் பதிவேடு வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் ஒருவர் பதிவுள்ள பிசியோ.

பட்டம் வேறு, பதிவு வேறு. கொழும்பு, பேராதனை, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார் என்பதற்காகப் பதிவும் இருக்கிறது என்று எடுக்கக் கூடாது. சங்க உறுப்பினர் அட்டையும் உரிமம் ஆகாது. மசாஜ், அக்குபிரஷர், விளையாட்டுப் பயிற்சி என்று சில வாரப் பாடநெறி முடித்த சான்றிதழ்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "உங்கட மருத்துவ சபைப் பதிவு எண் என்ன?" பதிவுள்ளவர் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். எண்ணையும் முழுப் பெயரையும் எழுதி வாங்கிச் சபையோடு தொடர்பு கொண்டு ஒத்துப் பாருங்கோ. பெயர் ஒருவருடையதாகவும் எண் இன்னொருவருடையதாகவும் இருக்கக்கூடும், அதனால் இரண்டையும் சேர்த்தே சரிபார்க்க வேணும்.

இடத்துக்கு உரிமம் தனி. தனியார் கிளினிக் என்றால் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்படி நிறுவனமும் பதியப்பட்டிருக்க வேணும், அதை வருடாவருடம் புதுப்பிக்க வேணும். சனம் குழம்புவது இங்கேதான். வாசலில் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ் ஒழுங்காகத் தொங்கும், உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் கை வைப்பவருக்கோ பதிவு இராது. கட்டிடத்தின் பதிவு ஆளின் பதிவாகாது.

முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரை வைத்தியர்களை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். அவர்களுடைய பதிவு 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆயுர்வேதப் பக்கம் எழுத வேண்டிய முறைப்பாட்டை மருத்துவ சபைக்கு அனுப்பினால் வீணாகக் காலம் போகும்.

வடமராட்சி_அக்கா

தம்பி சொன்னது எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து செய்கிற பிசியோவில் இன்னொரு சிக்கல் இருக்கு. கிளினிக்கில் ஒரு கோப்பாவது திறப்பார்கள், வீட்டில் ஒன்றும் எழுதப்படாது. மூன்று மாதம் கழித்து நோயாளியின் தோள் விலகி நோ கூடியிருக்கும். அப்போது "நான் கையை இழுக்கவே இல்லை" என்று பிசியோ சொன்னால் மறுக்க ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கட்டிலடியில் வையுங்கோ. வருகிறவர் ஒவ்வொரு தடவையும் அவருடைய கையாலேயே எழுத வேணும்: திகதி, வந்த நேரம், போன நேரம், என்ன செய்தார், எத்தனை தடவை, நோ 10 இல் எத்தனை, கையொப்பம். முதல் பக்கத்தில் பதிவு எண். தோளைப் பார்க்கிறவர் என்றால் பாகைமானி வைத்து அளந்து, பக்கவாட்டில் 70 பாகை வரை உயருது என்று எண்ணாக எழுத வேணும். "முன்னேற்றம் உண்டு" என்று எழுதினால் அதில் பிடிக்க ஒன்றுமில்லை.

பாரிசவாதத் தோளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேணும். தசை தளர்ந்திருக்கும்போது மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் பலம் குறைவு. கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது, கக்கத்துக்குள் கை விட்டுத் தூக்குவது, தோள்பட்டை எலும்பைச் சேர்த்து அசைக்காமல் கையை மட்டும் 90 பாகைக்கு மேல் உயர்த்துவது, இந்த மூன்றும் தோளைக் கெடுக்கும். படித்தவர் ஒரு கையைத் தோள்பட்டையில் வைத்து மற்றக் கையால்தான் உயர்த்துவார். அவர் எங்கே கை வைக்கிறார் என்று பாருங்கோ, பாதி விளங்கிவிடும்.

சுன்னாகம்_இயன்

அக்கா சொன்ன கொப்பி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குச் சூட்டுக் காயத்தை எடுப்பம். முறைப்பாடாக மாறும் விடயங்களில் இது அடிக்கடி வருவது.

ஈரச் சூட்டுப் பொதி (நோவுக்கு ஒத்தடமாக வைக்கும் பொதி) தொட்டிக்குள் ஏறக்குறைய 70 முதல் 75 பாகை செல்சியஸ் வெந்நீரில் கிடக்கும். அதை எடுத்து 6 முதல் 8 மடிப்புத் துவாய்க்குள் சுற்றித்தான் உடம்பில் வைக்க வேணும். 15 முதல் 20 நிமிடம் போதும், ஐந்தாவது நிமிடத்தில் துவாயைத் தூக்கித் தோலைப் பார்க்க வேணும். பிழை வருவது பெரும்பாலும் மூன்று வழியில்: துவாய் குறைவாகவோ ஈரமாகவோ இருப்பது, நோயாளி பொதிக்கு மேலேயே படுப்பது, நீரிழிவால் உணர்ச்சி குறைந்த தோலில் சோதிக்காமல் வைப்பது. மேலே படுத்தால் உடம்பின் பாரத்தில் துவாய் நசுங்கிச் சூடு வெளியேற வழி இராது. உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவது தெரியாது, அவர் "நல்ல இதம்" என்றுகூடச் சொல்வார். அடுத்த நாள் கொப்புளம் போட்டிருக்கும்.

அதற்காகத்தான் சூடு வைக்க முன் இரண்டு சோதனைக் குழாய், ஒன்றில் சூட்டு நீர், மற்றதில் குளிர் நீர். நோயாளி கண்ணை மூட, மாறி மாறித் தொட்டு எது சூடு எது குளிர் என்று கேட்பது. இரண்டு நிமிட வேலை. "வெப்ப உணர்வு சோதிக்கப்பட்டது, சரி" என்று ஒரு வரி கொப்பியில் இருந்தால் அது சிகிச்சையாளருக்குக் காப்பு. அந்த வரி இல்லாவிட்டால் நோயாளியின் முறைப்பாட்டுக்கு அதுவே பலம்.

கொப்புளம் போட்டால் அன்றைக்கே படம் எடுங்கோ, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, திகதி தெரிய. பிறகு வெளிநோயாளர் பிரிவில் காட்டிப் பதிவிக்க வேணும். வீட்டிலே களிம்பு பூசி, ஆறின பிறகு முறையிட வந்தால் காயத்தின் ஆழத்தை ஆராலும் சொல்ல முடியாது.

கந்தோர்_மேசை

முறைப்பாடு எங்கே போக வேணும் என்று பார்ப்பம். சனம் ஒரே கடிதத்தைப் பத்து இடத்துக்குப் பிரதியிட்டு அனுப்பும், பத்துப் பேரும் மற்றவர் பார்ப்பார் என்று விடுவார்கள். ஆளைப் பார்த்து இடத்தைத் தெரிய வேணும்.

அரச ஆஸ்பத்திரிப் பிசியோ என்றால் ஒழுக்காற்று நடவடிக்கை தாபன விதிக்கோவையின் (அரச ஊழியருக்கான விதிகளின்) இரண்டாம் தொகுதிப்படி நடக்கும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நேரடியாக மத்திய சுகாதார அமைச்சின் கீழ். தெல்லிப்பளை, பருத்தித்துறை, சாவகச்சேரி வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். ஆகவே முன்னதில் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கும் அமைச்சுக்கும், பின்னதில் வைத்திய அத்தியட்சகருக்கும் மாகாணச் சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் எழுத வேணும். மாறி எழுதினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும்.

தொழிலில் நடந்த பிழையென்றால் மருத்துவ சபை, நொரிஸ் கனால் வீதி, கொழும்பு 10. சபை சத்தியக் கடதாசியோடு (சமாதான நீதவானுக்கு முன்னால் ஒப்பமிட்ட எழுத்து வாக்குமூலத்தோடு) வரும் முறைப்பாட்டையே விசாரணைக்கு எடுக்கும், வெறும் கடிதம் போதாது. பதிவே இல்லாதவர் என்றால் பதிவேட்டிலிருந்து நீக்குவதற்குச் சபையிடம் பெயரே இல்லை. அது பொலிஸுக்கும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கும் போக வேணும்.

சிகிச்சை என்ற பெயரில் தொடக்கூடாத இடத்தில் தொட்டது, தேவையில்லாமல் ஆடை களையச் சொன்னது என்றால் சபையின் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. அது தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம். பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவில் உடனே முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கோ. சபைக்கு எழுதுவதைச் சமாந்தரமாகச் செய்யலாம். பெண் நோயாளியோடு வீட்டார் ஒருவர் அறைக்குள் இருப்பதை எந்த நல்ல சிகிச்சையாளரும் தடுக்க மாட்டார்.

சபை நட்டஈடு வாங்கித் தராது. அது மாவட்ட நீதிமன்ற வழக்கு. காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இப்படியான தீங்குக்கு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேணும். சபையின் முடிவு வரட்டும் என்று பார்த்திருந்து அந்த இரண்டு வருடத்தைத் தொலைத்துவிடாதேங்கோ.

அரச ஆஸ்பத்திரிக் குறிப்புகள் தேவையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். மருத்துவக் குறிப்பு விதிவிலக்குக்குள் வரும், ஆனால் நோயாளி எழுத்தில் சம்மதம் கொடுத்தால் தரலாம் என்று சட்டமே சொல்கிறது. மகன் தன் பெயரில் விண்ணப்பித்து, தகப்பனின் சம்மதக் கடிதத்தை இணைக்காமல் விட்டால் மறுப்புத்தான் வரும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேணும்.

ஆவணத்_தம்பி

இங்கே பதிவு பெற்று வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக நினைக்கிற பிசியோமாருக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே உரிமம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் சபை. பரீட்சை மட்டும் பொது, 200 முதல் 800 வரையான அளவில் 600 எடுக்க வேணும். ஒரு மாநில உரிமத்தோடு மற்ற மாநிலங்களிலும் வேலை செய்ய விடும் உடன்படிக்கைச் சலுகையில் இருப்பவருக்குச் சொந்த மாநில உரிமத்தில் தடை விழுந்தால் மற்ற மாநிலச் சலுகைகளும் சேர்ந்து போகும். அவை திரும்பக் கிடைக்கத் தடை நீங்கி, நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து இரண்டு வருடமும் முடிய வேணும். பிரித்தானியாவில் 'பிசியோதெரபிஸ்ட்' என்ற பெயரே சட்டப் பாதுகாப்புள்ளது, பதிவில்லாதவர் அந்தப் பெயரைப் போட்டாலே குற்றம். அங்கே பதிவேட்டிலிருந்து முற்றாக நீக்கப்பட்டவர் ஐந்து வருடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்க முடியாது. வெளிநாட்டுச் சபைகள் நன்னிலைச் சான்றிதழை (பதிவு ஒழுங்காக இருக்கிறது என்ற கடிதத்தை) இலங்கை மருத்துவ சபையிடமிருந்து நேரே எதிர்பார்க்கும், கையில் கொண்டுபோன பிரதி பெரும்பாலும் எடுபடாது.

திருநெல்வேலி_01

கந்தோர் அண்ணை, சத்தியக் கடதாசி எழுதும்போது எங்கே பிழைக்கும்?

கந்தோர்_மேசை

முதலாவது, வீட்டிலேயே கையொப்பம் வைத்துக்கொண்டு போவது. சமாதான நீதவானுக்கு முன்னால்தான் வைக்க வேணும். இரண்டாவது, சைவர் உறுதியுரைப்பவர், கிறிஸ்தவர் சத்தியம் செய்பவர். தட்டச்சுக் கடைக்காரர் பழைய படிவத்தை அப்படியே எடுத்தால் இந்தச் சொல் மாறி வரும், வாசித்துப் பாருங்கோ. மூன்றாவது, "கவனயீனமாக நடத்தினார்" என்று முடிவை எழுதுவது. நடந்ததை எழுதுங்கோ: எந்தத் திகதி, எத்தனை மணி, முதுகில் பொதி வைத்தார், எத்தனை நிமிடம், தோலைப் பார்க்கவில்லை, எப்போது கொப்புளம் கண்டோம். ஒரு பந்திக்கு ஒரு விடயம், இலக்கமிட்டு. கொப்பியின் பக்கங்களைப் பிரதியெடுத்து அ1, அ2 என்று குறித்து, ஒவ்வொன்றிலும் சமாதான நீதவானின் கையொப்பமும் முத்திரையும் வாங்க வேணும். மூலக் கொப்பியை அனுப்ப வேண்டாம். தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது. பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கோ.