திரையில் கோடுகள்: பேனலை மாற்றும் முன் வீட்டிலேயே சோதிக்கலாமா?

கயல்:
என் மடிக்கணினித் திரையின் வலது ஓரத்தில் செங்குத்தாக இளஞ்சிவப்புக் கோடுகள் தெரிகின்றன. மூடியைப் பின்னால் சாய்த்தால் சில நேரம் மறைகின்றன. கடைக்காரர் பார்த்தவுடனேயே பேனலை, அதாவது படம் காட்டும் திரைப் பலகையை, மாற்ற வேண்டும் என்கிறார். சம்மதிக்கலாமா?

அகல்:
சம்மதிக்காதீர்கள். சாய்த்தால் கோடு மறைகிறதென்றால் முதல் சந்தேகம் கேபிள் மீதுதான். கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போர்டிலிருந்து திரைக்குச் செல்லும் டிஸ்பிளே கேபிள் கீலை ஒட்டி வளைந்து போகிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடங்கி அங்கேதான் நைகிறது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பையோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ பார்க்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸை மறுபடி நிறுவுவது வீண் வேலை. அடுத்து எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சியில் இணையுங்கள். அங்கே படம் சுத்தமாக வந்தால் கிராபிக்ஸ் சிப் மீது குற்றமில்லை.

பட்டறை:
கடைசி வரியை ஏற்க முடியாது. பழுதுபார்ப்பதுதான் என் தொழில். இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் உள்ள சில மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ துளை தனிச் சிப்போடு நேராக இணைந்திருக்கும். உள்திரையை இயக்குவதோ பிராசசருக்குள் இருக்கும் மற்றொன்று. தொலைக்காட்சியில் படம் நன்றாக வந்தாலும் அந்த மற்றொன்றைப் பற்றி எதுவும் தெரியாது. சாய்த்தால் மறைவதும் கேபிளுக்கு மட்டும் உரிய அடையாளமல்ல. பேனலின் கண்ணாடி விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடா இணைப்பு விட்டுப்போனாலும், சட்டம் வளையும்போது கோடு வந்து போகும். அதற்குச் சாதாரணக் கடைகளில் வைத்தியம் இல்லை. பேனலைத்தான் மாற்ற வேண்டும்.

அகல்:
அப்படியானால் இன்னும் அதிகமாக அல்லவா சோதிக்க வேண்டும்? டெல் மடிக்கணினிகள் பலவற்றில், அணைத்த நிலையில் ‘டி’ விசையை அழுத்திக்கொண்டே பவர் பொத்தானை அழுத்தினால் திரை முழுவதும் ஒவ்வொரு நிறமாக மாறி மாறி வரும். கிராபிக்ஸ் சிப்பைச் சாராத சோதனை இது. அந்த நிறங்களின் மீதும் கோடு விழுந்தால் பேனல்தான் என்று நானே சொல்வேன். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். 2016ஆம் ஆண்டின் 13 அங்குல மேக்புக் புரோவில் நைந்துபோனது கேபிள்தானே?

பட்டறை:
ஆம், ஆனால் அங்கே கேபிளைத் தனியாக மாற்ற வழியில்லை. திரையோடு சேர்த்தே செய்யப்பட்டிருந்ததால் திரைத் தொகுதி முழுவதையும் மாற்ற நேர்ந்தது. ஆப்பிள் இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது 2019 மே மாதத்தில்தான். என் அச்சம் வேறு. சோதனை என்று தொடங்குகிறவர்கள் மூடியைப் பிரித்துவிடுகிறார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் டிஸ்பிளே கேபிளைப் பிடுங்கிச் செருகினால் திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பேக்லைட்டுக்கான ஃபியூஸ் மதர்போர்டில் போய்விடக்கூடும். கோட்டோடு போயிருக்க வேண்டிய பழுது இருண்ட திரையாகிவிடும்.

நெய்தல்:
இருண்டுபோனால் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பேக்லைட் மட்டுமே.

கயல்:
எதையும் பிரிக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட்டிலும் தொலைக்காட்சியிலும் கோடு இல்லை. விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையில் இருக்கிறது. நிறச் சோதனை என் கணினியில் இல்லை.

அகல்:
விண்டோஸும் டிரைவரும் கணக்கிலிருந்து நீங்கின. கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள்.

பட்டறை:
அதோடு, பழுதில்லாத பேனல் ஒன்றை அதே கேபிளில் இணைத்து, மூடியை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் கோடு வந்தால் பேனலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.