ஏரியில் விழுந்த கஞ்சா விமானமும் யோசெமிட்டி ஏற்றக்காரர்களும்: யார் காசில் யார் ஏறினார்கள்?

கல்லேறி:
நம் மன்றத்தின் எவரெஸ்ட் விவாத இழையில் 'வடமுகம்' என்ற உறுப்பினர் போகிற போக்கில் எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவையும், அங்கே பாறை ஏறுகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் கேம்ப் 4 முகாமையும் பற்றி அவர் எழுதியது இது: "யோசெமிட்டியில் எழுபதுகளில் நடந்த பெரிய ஏற்றங்கள் எல்லாமே கஞ்சா காசில் நடந்தவை. அந்த விமானம் விழாமல் இருந்திருந்தால் கேம்ப் 4 பசங்களை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது."

நடந்தது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976 டிசம்பரில் மெக்சிகோவிலிருந்து கஞ்சா ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லாக்ஹீட் லோட்ஸ்டார் விமானம் யோசெமிட்டியின் உள்காட்டில், லோயர் மெர்சட் பாஸ் ஏரியில் விழுந்தது. உள்ளே சுமார் 6000 பவுண்டு சரக்கு. ஓட்டிவந்த இரண்டு பேரும் செத்துப்போனார்கள். ஜனவரியில் அந்தப் பக்கம் நடந்துபோனவர்கள் காட்டில் தனியாகக் கிடந்த இறக்கையைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதிகாரிகள் முக்குளிப்பவர்களைக் கூட்டிவந்து கொஞ்சம் சரக்கை எடுத்தார்கள். பனிக்கட்டிக்குக் கீழே பெட்ரோலும் எண்ணெயும் கலந்த தண்ணீரில் வேலை செய்வது ஆபத்து என்று மீதியை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிட்டுப் போனார்கள். சேதி கேம்ப் 4 வரை வந்தது. அங்கே இருந்தவர்கள் ரம்பமும் கோடாலியும் எடுத்துக்கொண்டு மேலே போய், பனிக்கட்டியை வெட்டி, நனைந்த மூட்டைகளை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி விற்றார்கள். ஏப்ரலில் ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) திரும்பி வந்ததும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அவ்வளவுதான் கதை.

இப்போது என் கேள்வி ஒன்றே ஒன்று. எல் கேப்பிட்டன் என்ற பெரும்பாறையின் நோஸ் பாதையை ஜிம் பிரிட்வெல், ஜான் லாங், பில்லி வெஸ்ட்பே மூவரும் ஒரே நாளில் ஏறி முடித்தது 1975 மே மாதம். ஆஸ்ட்ரோமேன் என்ற பாதை முழுக்க கைகால் பலத்தில் ஏறப்பட்டது 1975. எல் கேப்பிட்டனின் இன்னொரு பாதையான பசிபிக் ஓஷன் வால் முதலில் ஏறப்பட்டதும் 1975. விமானம் விழுந்தது 1976 டிசம்பர். 1975இல் செய்த காரியத்துக்கு 1976இல் விழுந்த விமானம் எப்படிக் காசு கொடுத்தது? வடமுகம் பதில் சொல்லட்டும்.

வடமுகம்:
என் பெயரைப் போட்டு ஒரு இழையே தொடங்கியதற்கு நன்றி. "ஓட்டிவந்த இரண்டு பேரும் செத்துப்போனார்கள்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்களே, அந்த உடல்கள் எப்போது வெளியே வந்தன என்று ஏன் எழுதவில்லை? நானே எழுதுகிறேன். 1977 ஜூன். பனி உருகிய பிறகு. அதாவது உங்கள் வீரர்கள் துளை போட்டு மூட்டை இழுத்த நாட்களில் இரண்டு மனிதர்கள் அதே ஏரிக்கு அடியில் கிடந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் நின்று கஞ்சா எடுத்தவர்களைத்தான் நீங்கள் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள்.

கல்லேறி:
கேட்டது 1975. வந்த பதில் 1977 ஜூன். பிணத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. "பெரிய ஏற்றங்கள் எல்லாமே" என்று எழுதியது நீங்கள். எல்லாமே என்றால் நோஸும்தானே? 1975.

சரளைக்கல்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். எனக்குத் தெரிந்து சரக்கு 3 டன் என்றுதான் எல்லா இடத்திலும் படித்திருக்கிறேன். 6000 பவுண்டு என்றால் 2.7 டன்தான் வருகிறது. எது சரி?

பழையகயிறு:
அமெரிக்க டன் 2000 பவுண்டு. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

பேச வந்ததைப் பேசுகிறேன். கல்லேறி சொல்வதில் ஒரு பாதியை மட்டும் ஏற்கிறேன். 1975 ஏற்றங்களுக்கும் இந்த விமானத்துக்கும் தொடர்பில்லை, சரி. ஆனால் 1977 கோடையிலிருந்து கேம்ப் 4இல் கைநிறையக் காசு புழங்கியது என்று அங்கே இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கிழிந்த கூடாரத்தில் படுத்து, உணவு விடுதியில் சுற்றுலாக்காரர்கள் மிச்சம் வைத்த தட்டைப் பார்த்துக் காத்திருந்தவர்கள் திடீரென்று கார் வாங்கினார்கள், புதுக் கயிறு வாங்கினார்கள், வெளிநாட்டு மலைகளுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த ஏற்றங்களை என்ன சொல்வது?

கல்லேறி:
அதற்குப் பிறகு வந்ததில் உலகமே அறிந்தது மிட்நைட் லைட்னிங் என்ற பாறை ஏற்றம், 1978. அந்தப் பாறை எங்கே இருக்கிறது தெரியுமா? கேம்ப் 4க்குள்ளேயே. கூடாரத்திலிருந்து எழுந்து நடந்தால் போதும். ஒரு ஜோடி ஷூவும் கை வழுக்காமலிருக்கப் பூசுகிற கொஞ்சம் சாக் பொடியும் வேண்டும், கயிறுகூட வேண்டாம். அதற்கு எந்தக் கஞ்சா காசு? விரல் பலத்தை எந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று பழையகயிறு சொல்வாரா? காசு வந்ததும் பலர் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை விட்டே போனார்கள். காசு ஏற்றத்தைக் கெடுத்திருக்கும் என்று சொல்லுங்கள், யோசிக்கலாம். வளர்த்தது என்று சொல்லாதீர்கள்.

வடமுகம்:
ஜூன். 1977 ஜூன். அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை பாருங்கள்.

நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்தால் டிரைவர் ஸ்டியரிங்குக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே சரக்கை அள்ளிக்கொண்டு ஓடுகிறவர்களைக் காணொளியில் பார்த்துவிட்டுக் காறித் துப்புகிறோம். பாறை ஏறத் தெரிந்தவன் அதையே செய்தால் மட்டும் சாகசமா?

கல்லேறி:
அந்த டிரைவர் உயிரோடு இருக்கிறார், காப்பாற்ற முடியும். இங்கே விமானம் விழுந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, உடல்களை எடுப்பது அரசாங்கத்தின் வேலை, அவர்களே முக்குளிப்பவர்களை வைத்து முயன்று பார்த்து வசந்தம் வரட்டும் என்று கிளம்பிவிட்டார்கள். அரசாங்கத்தால் முடியாததை கேம்ப் 4 பசங்க செய்திருக்க வேண்டுமா?

வடமுகம்:
செய்ய வேண்டாம். தொடாமல் இருந்திருக்கலாம்.

மெர்சட்வாசி:
நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே யாரும் பேசாத ஒரு விஷயம் அந்தக் குளிர்காலம். 1976-77 கலிபோர்னியாவில் கடும் வறட்சி, மலையில் பனி மிகக் குறைவு. சாதாரண வருடமாக இருந்திருந்தால் சுமார் 9000 அடி உயரத்தில் இருக்கிற அந்த ஏரிக்குப் பிப்ரவரியில் யாரும் சுலபமாகப் போயிருக்க முடியாது, விமானமே பனிக்கு அடியில் மறைந்திருக்கும். அந்தப் பக்கம் போகிற கிளேசியர் பாயிண்ட் சாலை குளிர்காலத்தில் பேட்ஜர் பாஸ் என்ற இடத்தோடு மூடிவிடும், அதற்கு மேல் நடைதான். ஒரு வழிக்குச் சுமார் 16 மைல் என்கிறார்கள். இரவில், விளக்கைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் ஊறிய மூட்டையோடு. உடம்பு பலம் இல்லாதவர்களால் ஒரு தடவைகூட முடியாது. அதனால்தான் இது ஏற்றக்காரர்களின் கதையாக ஆனது. வேறு யாராலும் முடிந்திருக்காது.

வடமுகம்:
பலம் இருந்தது, அதனால் எடுத்தார்கள். திருடனுக்கும் அதே பலம் வேண்டும்.

மெர்சட்வாசி:
நான் அவர்களை நியாயப்படுத்தவில்லை. படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

பழையகயிறு:
சட்டத்தையும் பாருங்கள். 1976 ஜனவரியிலிருந்து கலிபோர்னியாவில் ஒரு அவுன்ஸ் வரை கையில் வைத்திருந்தால் அன்று 100 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். அந்தக் காலத்து இளைஞர்கள் கஞ்சாவை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அவுன்ஸ் வேறு, மூட்டை வேறு. முதுகில் மூட்டையோடு இறங்குகிறவன் விற்கத்தான் இறங்குகிறான். விமானப் பெட்ரோல் ஊறிய சரக்கு அது, பற்றவைத்தால் பொறி பறக்குமாம். அதற்கு லோட்ஸ்டார் லைட்னிங் என்று பெயர் வைத்து விற்றார்கள். அதை இழுத்தவர்களின் நுரையீரலை யார் நினைத்தார்கள்? என் ஆட்சேபம் அதுதான்.

கல்லேறி:
பழையகயிறு அண்ணே, நீங்கள் எல்லா இழையிலும் கடைசியில் நுரையீரலுக்கு வந்துவிடுகிறீர்கள். உங்கள் ஆட்சேபத்தைத் தனி இழையில் வையுங்கள். இங்கே கேள்வி 1975.

பழையகயிறு:
நான் எங்கே எதை எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம் தம்பி. நீங்கள் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் நான் பாறையில் ஆணி அடித்து ஏறிக்கொண்டிருந்தேன்.

கல்லேறி:
தம்பி என்று கூப்பிடாதீர்கள். செயற்கைச் சுவரில் பழகியவன் வரலாறு பேசக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? போன வருடம் இந்த மன்றத்தில் நடந்த ஆக்சிஜன் விவாதத்திலும் இதையேதான் சொன்னீர்கள், பதில் இல்லாதபோதெல்லாம் வயதைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். ஆணி அடித்து ஏறினேன் என்று பெருமைப்படுகிறவருக்கு ஒன்று சொல்கிறேன், யோசெமிட்டியில் அந்த ஆணியை 1972 வாக்கிலேயே கைவிடத் தொடங்கிவிட்டார்கள், பாறை பாழாகிறது என்று. அந்த முறையை ஏற்று ஆணி இல்லாமல் ஏறியவர்களும் வடமுகம் திருடன் என்று சொல்கிற இதே தலைமுறைதான்.

வடமுகம்:
பாறைக்குக் காட்டிய மரியாதையை ஏரிக்குள் இருந்த இரண்டு மனிதர்களுக்குக் காட்டியிருந்தால் நான் ஏன் பேசப்போகிறேன்?

சரளைக்கல்:
அமெரிக்க டன் என்று யாரும் குறிப்பிடுவதில்லையே, வெறும் டன் என்றால் நாம் 1000 கிலோ என்றுதானே எடுத்துக்கொள்வோம்? எழுதுகிறவர்கள் கவனமாக எழுத வேண்டும்.

மெர்சட்வாசி:
ரேஞ்சர்கள் பக்கமும் ஒன்று உண்டு. 1970 ஜூலை 4ஆம் தேதி ஸ்டோன்மன் புல்வெளியில் குதிரையில் வந்த ரேஞ்சர்களுக்கும் இளைஞர்களுக்கும் பெரிய கைகலப்பு. அன்றிலிருந்து பள்ளத்தாக்கில் சீருடை என்றாலே பகை. ஆனால் அந்த ரேஞ்சர்களை வைத்துப் பூங்காவை நடத்துகிற அதே பார்க் சர்வீஸ்தான் பாறையில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கக் கேம்ப் 4 ஏற்றக்காரர்களைக் கூலி கொடுத்துக் கூப்பிட்டது, மீட்புக் குழுவினர் தங்கத் தனி இடமும் கொடுத்தது. ஒரு பக்கம் துரத்தல், இன்னொரு பக்கம் கயிற்றைப் பிடி என்று அழைப்பு. ஏரியில் கிடந்ததை எடுத்தால் யாரையும் ஏமாற்றியதாக அந்தப் பையன்களுக்குத் தோன்றவில்லை என்றால் அதற்கு இந்தப் பின்னணியும் காரணம். கடத்தல்காரனின் சரக்கு, துரத்துகிற அரசாங்கம், நடுவில் சாப்பாட்டுக்கு வழியில்லாத இருபது வயதுப் பையன்.

வடமுகம்:
மீட்புக் குழு இருந்த முகாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மலையில் விழுந்தவனின் உடலைக் கீழே கொண்டுவருவது எவ்வளவு பெரிய கடமை என்று மற்ற எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்த இடம் அது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஊர் பேர் தெரியாத திருடன் செய்திருந்தால் விட்டிருப்பேன்.

கல்லேறி:
யார் போனார்கள், யார் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? மீட்புக்குப் போனவர்கள்தான் ஏரிக்கும் போனார்கள் என்று எதை வைத்து எழுதுகிறீர்கள்? கேம்ப் 4இல் அன்று இருந்த எல்லோரும் ஒரே ஆளா? ஏரிப்பக்கமே போகாதவர்களும் அங்கே இருந்தார்கள், அவர்கள் மேலும் சேர்த்துத்தான் சேற்றை அள்ளி வீசுகிறீர்கள். 2003இல் கேம்ப் 4ஐ அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். எதற்காகச் சேர்த்தார்கள்? உலகப் பாறையேற்றம் அங்கே வளர்ந்தது என்பதற்காக. 1958இல் வாரன் ஹார்டிங் நோஸை முதலில் முடித்தது தொடங்கி 1975 வரை, அந்த விமானம் பறக்கும் முன்பே அந்த இடத்தின் பெயர் நிலைத்துவிட்டது. நான் திரும்பத் திரும்ப ஒரே வருடத்தைச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் அதைத் தொடவே மறுப்பதுதான். "எல்லாமே கஞ்சா காசு" என்று எழுதிய வரியை எவரெஸ்ட் இழையில் போய் அழியுங்கள், பிறகு ஜூன் மாதத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுகிறேன்.

வடமுகம்:
அழிக்க மாட்டேன். எல்லாமே என்றால் அந்தக் காலத்து மொத்த வாழ்க்கை முறையையும் சொன்னேன், நீங்கள் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்.

கல்லேறி:
எழுதும்போது ஏற்றங்கள், மாட்டிக்கொண்டதும் வாழ்க்கை முறை. இப்படித்தான் ஆக்சிஜன் விவாதத்திலும் நழுவினீர்கள். அன்று எனக்கு ஆதரவாகப் பேசிய இரண்டு பேரை இங்கிருந்து விரட்டியதும் நீங்களும் பழையகயிறும் சேர்ந்துதான், அதை நான் மறக்கவில்லை.

பழையகயிறு:
யாரும் யாரையும் விரட்டவில்லை. அவர்களாகப் போனார்கள். என்னை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

கல்லேறி:
அந்தப் பழைய இழை இன்னும் இருக்கிறது, பக்கம் பக்கமாக எடுத்துப் போடுகிறேன். நாளைக்கு அதற்குத் தனி இழை. 1975க்கான பதிலையும் அங்கேயே கேட்பேன்.

வடமுகம்:
தாராளமாகத் தொடங்குங்கள். ஜூனையும் அங்கே கொண்டுவருகிறேன்.

சரளைக்கல்:
அப்படியென்றால் 2.7 டன் என்றே எடுத்துக்கொள்ளலாமா? அதிகாரிகள் முதலில் எடுத்த சரக்கு இதில் சேர்ந்ததா, சேராததா?