மறு: ரெவெல் ஃபேக்டருக்குத் தமிழ்ச்சொல் - 'தாங்கல் காரணி' வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கடலறிவியல் கலைச்சொல் பட்டியல்ல 'ரெவெல் ஃபேக்டர்'க்கு என்ன தமிழ்ப்பேர் வைக்கலாம்னு வந்த யோசனைகளுக்குப் பதில் இது. காத்துல கார்பன் டை ஆக்சைடு கூடும்போது கடல்நீர் அதை மேல மேல வாங்கிக்க எவ்வளவு தயங்குதுன்னு காட்டுற எண் அது.

> பஃபர் ஃபேக்டர்னும் இதைச் சொல்றாங்க. பாடப்புத்தகத்துல தாங்கல் கரைசல் ஏற்கனவே இருக்கு, அதனால 'தாங்கல் காரணி'ன்னே பட்டியல்ல ஏத்திடலாமா?

அண்ணா, தாங்கல் கரைசல் (அமிலமோ காரமோ கொஞ்சம் சேர்ந்தாலும் அதிகம் மாறாம தாங்கிக்கற கரைசல்) நல்ல சொல், ப்ளஸ் டூ வேதியியல் படிச்ச எல்லாருக்கும் பழகின சொல், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இந்த இடத்துல அதைப் போட்டா படிக்கிறவங்களுக்கு அர்த்தம் தலைகீழாப் போயிடும். ஒரு கடலுக்கு தாங்கல் காரணி 9, இன்னொரு கடலுக்கு 14னு எழுதினா, பார்த்த உடனே 14 இருக்கிற கடல்தான் நல்லா தாங்குதுன்னு நினைப்பாங்க. உண்மை அதுக்கு நேர் எதிர். இந்த எண் எவ்வளவு கூடுதோ அவ்வளவுக்கு அந்தத் தண்ணி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கத் தயங்குதுன்னு அர்த்தம். இங்கிலீஷ்லயே இந்தக் குழப்பம் இருக்கு, அதை நாம அப்படியே இறக்குமதி பண்ணணுமா?

கணக்கா சொல்றேன். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு 280 பிபிஎம்ல (பத்து லட்சத்துல 280 பங்கு) இருந்து 308 ஆகுதுன்னு வைங்க, பத்து சதவீதம் கூடுது. சாதாரண வாயு சாதாரண தண்ணில கரையுற மாதிரி இருந்தா கடல்மேல் தண்ணியிலயும் பத்து சதவீதம் கூடணும். ஆனா ரெவெல் எண் 10 இருக்கிற தண்ணில, கரைஞ்சிருக்கிற மொத்த கனிமக் கார்பன் (வாயு, பைகார்பனேட், கார்பனேட் எல்லாம் சேர்த்து) ஒரே ஒரு சதவீதம்தான் கூடும், அதாவது கிலோவுக்கு 2000 மைக்ரோமோல் இருந்தது 2020 ஆகும், அதோட காத்தும் தண்ணியும் சமநிலைக்கு வந்து நின்னுடும். எண் 14னா அதுவும் இல்ல, 0.7 சதவீதம்தான்.

ஏன் இப்படின்னா, கடல்ல இருக்கிற கார்பன்ல சுமார் 90 சதவீதம் பைகார்பனேட்டா இருக்கு, மிச்சத்துல பெரும்பகுதி கார்பனேட், வாயுவாவே கரைஞ்சு நிக்கிறது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உள்ள வர்ற கார்பன் டை ஆக்சைடு கார்பனேட்டோட சேர்ந்து பைகார்பனேட்டா மாறுது, அதனாலதான் கடல் இவ்வளவு வாங்கிக்க முடியுது. ஆனா அப்படி மாற மாற கார்பனேட் செலவாகுது, அது குறையக் குறைய அடுத்து வர்றதை மாத்த ஆள் இல்ல, வாயு வாயுவாவே நின்னு காத்துக்குத் திரும்பப் பார்க்குது. இந்த எண் அளக்கிறது அந்தத் திரும்பத் தள்ளுற குணத்தைத்தான்.

இந்த எண்ணுக்குப் பேர் வந்த கதையும் முக்கியம், ஏன்னா அந்தாளோட ஆராய்ச்சி வாழ்க்கையே இதைச் சுத்தித்தான் போயிருக்கு. ரோஜர் ரெவெல் 1909ல சியாட்டில்ல பிறந்தவர், படிச்சது ஜியாலஜி, அப்புறம் கலிஃபோர்னியாவுல ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிலையத்துல சேர்ந்து 1936ல டாக்டர் பட்டம். 'கார்னகி'ங்கிற கப்பல் பசிபிக் அடியில இருந்து அள்ளிட்டு வந்த சேற்று மாதிரிகள்தான் ஆய்வுப் பொருள். அடிக்கடல் சேறுன்னா கார்பனேட் இல்லாம பேச்சே இல்ல, அதனால கடல்நீர் கார்பனேட் வேதியியல் அப்போ இருந்தே அவருக்குள்ள ஊறிப்போச்சு. நடுவுல யுத்தம், அமெரிக்கக் கடற்படை வேலை, 1946ல பிகினி தீவு அணுகுண்டு சோதனையில கடல் ஆய்வுப் பொறுப்பு, 1950கள்ல ஸ்க்ரிப்ஸ் டைரக்டர்.

அப்போ விஞ்ஞானிகள் நிறைய பேர் என்ன நம்பினாங்கன்னா, நிலக்கரி எண்ணெய் எரிச்சு வர்ற புகையைப் பத்திக் கவலை வேண்டாம், காத்துல இருக்கிறதைவிட சுமார் 50 மடங்கு கார்பன் கடல்ல இருக்கு, அது எல்லாத்தையும் விழுங்கிடும்னு. ரெவெல் ஸ்க்ரிப்ஸுக்குக் கூட்டிட்டு வந்த ஹான்ஸ் ஸூஸ் ரேடியோகார்பன் ஆளு. நிலக்கரி கோடிக்கணக்கான வருஷப் பழசு, அதுல கார்பன்-14 (காலப்போக்குல சிதைஞ்சு போற கதிரியக்கக் கார்பன்) மிச்சமே இருக்காது, அதனால மரவளையத்துல கார்பன்-14 நீர்த்துப் போயிருக்கிறதைப் பார்த்து புகைக் கார்பன் எவ்வளவு கலந்திருக்குன்னு கண்டுபிடிக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து 1957ல 'டெல்லஸ்' இதழ்ல கட்டுரை போட்டாங்க. அதுல ஒரு முடிவு, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு சராசரியா பத்து வருஷத்துக்குள்ள கடலுக்குள்ள போயிடுதுன்னு. இதை மட்டும் படிச்சா பிரச்சனை தீர்ந்துச்சுன்னு தோணும். ஆனா அதே கட்டுரையிலதான் ரெவெல் அந்த கார்பனேட் கணக்கையும் வச்சார்: போறது போகும், ஆனா வேதியியல் காரணமா வெளியவும் வந்துட்டே இருக்கும், நிகரமா கடல் கூடுதலா வச்சுக்கறது காத்துல கூடுற விகிதத்துல பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான்னு. படிச்சவங்க பல பேர் அந்த இடத்தோட கனத்தை அப்போ கவனிக்கலை, 1959ல ஸ்வீடன்ல பெர்ட் போலினும் எரிக் எரிக்சனும் விரிச்சு எழுதினப்பதான் தெளிவாச்சு. மனுஷங்க திரும்பச் செய்ய முடியாத ஒரு மாபெரும் புவியியற்பியல் சோதனையை நடத்திட்டு இருக்காங்கன்னு சொன்னதும் அந்த 1957 கட்டுரைதான்.

ரெவெல் எழுதினதோட நிக்கவும் இல்ல. காத்துல நிஜமாவே கூடுதான்னு அளக்க சார்லஸ் டேவிட் கீலிங்கை ஸ்க்ரிப்ஸுக்குக் கூட்டிட்டு வந்தார். 1958 மார்ச்சுல ஹவாய் மௌனா லோவா மலையில முதல் அளவு 313 பிபிஎம். இப்போ 420ஐத் தாண்டிடுச்சு.

அடுத்த யோசனைக்கு வர்றேன்.

> எதிர்மறைப் பேர் எதுக்கு? கடல் உறிஞ்சறதைத்தானே சொல்றோம், 'உறிஞ்சு எண்'ணுன்னு வைக்கலாம்

டீச்சர், இதுலயும் அதே சிக்கல், எண் கூடினா உறிஞ்சறது கூடுதுன்னு ஆயிடும். அதைவிடப் பெரிய சிக்கல் குளிர்கடல். குளிர்ந்த தண்ணில வாயு நல்லா கரையும், அது கரைதிறன், அது வேற. அதே குளிர்கடல்லதான் கார்பனேட் கம்மி, அதனால ரெவெல் எண் 14, 15 வரைக்கும் போகுது, வெப்பமண்டலக் கடல்ல 8, 9லயே நிக்குது. பசங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காம இருக்கணும்னா பேர்லயே தெரியணும்.

அதனால என் யோசனை: ஏற்புத்தடை எண். இயற்பியல் பாடத்துல மின்தடை எண் இருக்கு, எண் கூடினா தடை கூடும்னு நம்ம பிள்ளைங்களுக்குப் பழகிப்போன அமைப்பு, அதே அச்சுல இது உட்கார்ந்துக்கும். தொழிற்புரட்சிக்கு முன்னாடி இருந்ததைவிட இப்போ மேற்பரப்புக் கடல்ல இந்த எண் சுமார் ஒரு அலகு கூடியிருக்கு. இதை 'கடலின் ஏற்புத்தடை எண் கூடிவருகிறது'ன்னு எழுதிப் பாருங்க, வேதியியல் தெரியாதவங்களுக்கும் கடல் கொஞ்சம் கொஞ்சமா மறுக்க ஆரம்பிக்குதுன்னு புரியும். 'தாங்கல் காரணி கூடிவருகிறது'ன்னு எழுதினா நல்ல செய்தின்னு நினைச்சுப்பாங்க. நாம வெளிய விடுற கார்பன் டை ஆக்சைடுல வருஷத்துக்குக் கிட்டத்தட்ட கால்பங்கை கடல்தான் வாங்கிக்குது, அந்தக் கால்பங்கு எதிர்காலத்துல என்ன ஆகும்ங்கிறதுல இந்த எண்ணுக்குப் பெரிய கை இருக்கு. அதைப் பத்தின வாக்கியம் தப்பாப் புரியக் கூடாது.

> ஆள் பேர் எல்லாம் தமிழ்ல தேவையா?

தேவைன்னுதான் சொல்லுவேன். முதல் தடவை வர்ற இடத்துல 'ரெவெல் ஏற்புத்தடை எண்'ணுன்னு முழுசாப் போடுவோம், அப்புறம் சுருக்கிக்கலாம். வெளியில தேடுறவங்களுக்கும் அந்தப் பேர் வேணும். இன்னொரு காரணமும் இருக்கு, இங்க பல பேருக்குத் தெரியாது. 1964-66ல நம்ம நாட்டுல கோத்தாரி கல்விக்குழு இருந்துச்சே, அதுல உறுப்பினரா இருந்த வெளிநாட்டு அறிஞர்கள்ல ரெவெலும் ஒருத்தர். பல்கலைக்கழகப் படிப்புக்கும் அந்தந்த மாநில மொழிதான் பயிற்றுமொழியா வரணும்னு பரிந்துரைச்ச குழு அது. கடலறிவியலைத் தமிழ்ல எழுத உட்கார்ந்திருக்கிற நாம அவர் பேரை மட்டும் விட்டுடறது எனக்கு மனசு ஒப்பலை. இந்தியப் பெருங்கடலுக்குப் பன்னாட்டு ஆய்வுப் பயணம் வேணும்னு திட்டம் போட்ட ஸ்கோர்ங்கிற பன்னாட்டுக் கடலாய்வுக் குழுவுக்கு முதல் தலைவரும் அவர்தான், அந்தப் பயணத்தோட தொடர்ச்சியாத்தான் 1966ல கோவாவுல தேசியக் கடலாய்வு நிறுவனம் வந்துச்சு. அவர் பேர் வச்ச ஆய்வுக் கப்பல் வங்கக் கடல்லயும் வேலை பார்த்திருக்கு.

பட்டியலுக்கு வரையறை இப்படி வைக்கலாம்னு பார்க்கிறேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க:

ரெவெல் ஏற்புத்தடை எண்: கடல்நீரில் கரைந்துள்ள மொத்த கனிமக் கார்பன் ஒரு சதவீதம் மாறும்போது, அந்நீரின் கார்பன் டை ஆக்சைடு பகுதி அழுத்தம் (அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம்) எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதைக் குறிக்கும் எண். எண் கூடினால் நீர் மேலும் ஏற்கும் அளவு குறையும்.

இதுக்குப் பக்கத்துலயே ஆல்கலினிட்டி (கடல்நீர் எவ்வளவு அமிலத்தை ஈடுகட்டும்ங்கிற அளவு) வருது, அதுக்குப் பட்டியல்ல 'காரத்தன்மை'ன்னு போட்டிருக்கு, அதையும் ஒருதடவை எடுத்துப் பேசணும். கார்பன் டை ஆக்சைடு உள்ள போனா பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) இறங்கும், ஆனா ஆல்கலினிட்டி மாறாது. 'கடலின் காரத்தன்மை குறைகிறது'ன்னு பத்திரிகைக்காரங்க பிஹெச்சுக்கு எழுதிட்டு இருக்காங்க, நாம அதே சொல்லை மாறாத அளவுக்கு வச்சிருக்கோம், ரெண்டும் ஒரே பாராவுல வந்தா படிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? டீச்சர், வேதியியல் பக்கம் இருந்து உங்களுக்கு ஏதாவது சொல் தோணுதா? 'அமில ஈடு'ன்னு ஒண்ணு மனசுல ஓடுது, இன்னும் யோசிக்கணும்.