ஜி.ஏ. ரோடு குடும்பம்: கப்பல் போறவங்க படிங்க

வியாழன்

பிரியா (காலை 7:40): எல்லாருக்கும் வணக்கம். அப்பா அறுபதுக்கு கப்பல் டிக்கெட் போட்டாச்சு. டிசம்பர் ரெண்டாவது வெள்ளி சாயந்தரம் ஹார்பர்ல ஏறி விசாகப்பட்டினம் போயிட்டு திங்கள் காலைல இறங்கறோம். 10 பேர், 4 ரூம். ஆதார் ரெண்டு பக்கமும் அனுப்புங்க.

விக்கி: 🛳️🛳️🛳️

கார்த்தி: சூப்பர்

நித்யா: கவினுக்கு பஸ்லயே ஆகாது. மதுரவாயல் தாண்டறதுக்குள்ள கவர் கேப்பான். மூணு ராத்திரி கப்பல்ல எப்படி?

விக்கி: கொடைக்கானல் வேன் பாகம் 2

ராணி: விக்கி. வேணாம்.

சேகர் (7:52): டிசம்பர்லயா போட்டீங்கோ. வாடைக்காத்து நேரம் அது

பிரியா: அப்பா நட்சத்திரம் அப்பதானே வருது சித்தப்பா

சேகர்: நட்சத்திரத்துக்கு பூஜைய கோயில்ல வைங்கோ. கடலு அடங்கறது பிப்ரவரி, மார்ச்ல. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நம்ம பக்கம் புயல் சீசன்

ராணி: ஒரு வார்த்தை கேட்டுட்டு டிக்கெட் போட்டிருக்கலாம். நாங்களும் இந்த குடும்பத்துலதான் இருக்கோம்.

சாந்தி: கேட்டேனே ராணி. கோயில்ல வெச்சு

ராணி: எந்த கோயில்

சாந்தி: காளிகாம்பாள்

ராணி: அன்னிக்கு நான் வரவே இல்லையே அக்கா

தனம் (8:05): இத விடுங்க. நித்யா கேட்டதுக்கு சொல்றேன், எல்லாரும் படிங்க. நாலஞ்சு மெசேஜா வரும். நடுவுல யாரும் ஸ்டிக்கர் போடாதீங்க.

தனம்: காதுக்குள்ள உடம்போட சமநிலைய பாத்துக்கற பகுதி ஒண்ணு இருக்கு. கப்பல் ஏறி இறங்கறது அதுக்கு தெரியும். ஆனா ரூம்ல உக்காந்து சுவத்த பாக்கற கண்ணுக்கு எதுவுமே ஆடாது. காது ஒண்ணு சொல்லும், கண்ணு ஒண்ணு சொல்லும். அதுல மூளை தடுமாறித்தான் தலை சுத்தலும் வாந்தியும் வருது. சாப்பாடு ஒத்துக்காம வர்ற வாந்தி இல்ல இது. அதனால வயித்துக்குன்னு போடற மாத்திரை இதுக்கு கேக்காது.

விக்கி: எங்கிட்ட எமசெட் ஒரு அட்டை இருக்கே அத்தை

தனம்: அதைத்தான் சொல்ல வந்தேன். எமசெட்டுல இருக்கறது ஒண்டான்செட்ரான். கீமோ குடுத்தப்புறம் வர்ற வாந்திக்கும், வயித்துப்போக்கோட வர்ற வாந்திக்கும் நல்லா கேக்கும். பயண வாந்திய முன்கூட்டி தடுக்காது. வாந்திக்கு குடுக்கற டோம்பெரிடோனும் அப்படித்தான், அது மூளைக்குள்ள சரியா போகாது. தூக்கம் குடுக்காதுன்னு அலர்ஜி மாத்திரை செட்ரிசின் போட்டுக்கறவங்க இருக்காங்க, அதுவும் வேஸ்ட். பயணத்துக்கு கேக்கற மாத்திரை எல்லாமே கொஞ்சம் தூக்கம் குடுக்கும். மூளைக்குள்ள போய் வேலை செய்யறதால வர்ற தூக்கம் அது.

கார்த்தி: அப்ப எது போடணும்

தனம்: நம்ம கடைங்கள்ல ரெண்டு கிடைக்கும். ஒண்ணு அவோமின் 25. புரோமெதசின். நீண்ட பயணம்னா முந்தின நாள் ராத்திரி படுக்கும்போது ஒண்ணு. அதாவது வியாழக்கிழமை ராத்திரியே. ஏறினப்புறம் தேவைப்பட்டா தினமும் படுக்கும்போது ஒண்ணு. இன்னொண்ணு ஸ்டுஜெரான் 25. சின்னரிசின். ரெண்டு மணி நேரம் முன்னாடி போட்டாதான் கப்பல் நகரும்போது ரத்தத்துல இருக்கும். ரெண்டுல ஏதாவது ஒண்ணுதான். சேத்து போடக்கூடாது.

தனம்: ரொம்ப முக்கியம்: குமட்டல் ஆரம்பிச்சப்புறம் மாத்திரை போட்டா பாதி பிரயோஜனம்கூட இருக்காது. அந்த நேரத்துல வயிறு வேலை செய்யறத நிறுத்திடும், மாத்திரை உள்ள போய் அப்படியே கிடக்கும், அடுத்த வாந்தில வெளிய வந்துடும். எல்லாரும் தப்பு பண்றது இந்த இடத்துலதான்.

சாந்தி: எலுமிச்சம்பழம் மோந்தா போதாதா தனம்

தனம்: டீசல் வாசனை, எண்ணெய் வாசனை வரும்போது மூக்குக்கு ஆறுதல் அண்ணி, எடுத்துட்டு வாங்க. ஆனா அத நம்பி மாத்திரைய விடக்கூடாது.

ராணி: ஒரு பழம் 8 ரூபா விக்குது எம்.சி. ரோட்டுல

சாந்தி: கொத்தவால்சாவடி பக்கம் கம்மி

ராணி: அங்க போய் வர ஆட்டோவுக்கு யார் குடுக்கறது

சேகர் (8:31): ரூம் நம்பர் இன்னா பிரியா. எந்த டெக்கு, எத்தனாவது மாடி

பிரியா: 9வது டெக்ல முன்பக்கம் ரெண்டு, பால்கனியோட. 4வது டெக்ல நடுவுல ரெண்டு, ஜன்னல் இல்லாதது. பால்கனில ஒண்ணு அப்பா அம்மாவுக்கு, இன்னொண்ணு ஆயாவுக்கும் நித்யாவுக்கும் கவினுக்கும். கீழ ஒண்ணு தனம் அத்தைக்கும் எனக்கும். இன்னொண்ணு ராணி சித்தி, விக்கி, கார்த்தி.

ராணி: ஓ. எங்களுக்கு ஜன்னல் கூட இல்ல.

ராணி: சரி.

கார்த்தி: சித்தி அப்படி இல்ல

சேகர்: நான் ஒண்ணு சொல்றேன் கேளு. விசாகப்பட்டினம் வடகிழக்கு. வாடையும் வடகிழக்குல இருந்துதான் வருது. போகசொல்லோ அலை நேரா கப்பலு மூக்குலயே அடிக்கும். மூக்கு தூக்கும், இறங்கும், தூக்கும், இறங்கும். முன்பக்கம் ரூம்ல இருக்கறவன் அம்மாம் உயரம் ஏறி இறங்குவான். நடுவுல இருக்கறவனுக்கு அதுல கொஞ்சம்தான். பக்கவாட்டுல சாயறது மேல போகப்போக ஜாஸ்தி. 9வது டெக்கு முன்பக்கம்னா ரெண்டு கஷ்டமும் அவங்களுக்குதான்

விக்கி: பெரிய கப்பல்ல ஸ்டெபிலைசர் இருக்குமே நைனா

சேகர்: இருக்கு. ரெண்டு பக்கமும் தண்ணிக்கடில மீனு றெக்கை மாரி நீட்டினு இருக்கும். பக்கவாட்டு ஆட்டத்தைதான் அது அடக்கும். மூக்கு தூக்கறத ஒண்ணும் பண்ணாது. கப்பலு ஓடசொல்லோதான் அதுக்கு வேலை, நின்னுட்டா அதுவும் கம்மி

தனம்: சேகர் சொல்றது சரி. வேகமா குலுங்கறதவிட, 5 செகண்டுக்கு ஒரு தடவை மெதுவா ஏறி இறங்கற அசைவுதான் குமட்டல அதிகமா கிளப்பும். பெரிய கப்பல்ல ஆட்டமே தெரியலன்னு சொல்றவங்களுக்கும் வயிறு புரட்டறது அதனாலதான்.

சேகர்: கவினையும் ஆயாவையும் கீழ நடு ரூமுக்கு மாத்து. அதான் இருக்கறதுலயே நல்ல ரூம்

நித்யா: எனக்கும் அதுதான் வேணும். தலைவலிக்காரங்களுக்கு சீக்கிரம் வரும்னு அம்மா சொல்வாங்க

தனம்: ஆமா, மைக்ரேன் இருந்தா சீக்கிரம் வரும். 2 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் குழந்தைங்களுக்கும்.

கார்த்தி: அப்ப சித்தி ரூம நித்யாவுக்கு குடுத்துட்டு பால்கனி ரூம சித்திக்கு குடுத்துடலாமா

ராணி: எங்க ரூம் எங்களுக்கே இருக்கட்டும்.

விக்கி: 😂😂

பிரியா: ரூம் மாத்த முடியுமான்னு மெயில் போட்டு கேக்கறேன். ஆதார் இதுவரைக்கும் ஒருத்தர்தான் அனுப்பியிருக்கீங்க.

தனம் (9:10): இப்ப யார் யாருக்கு என்ன மாத்திரைன்னு சொல்றேன்.
கவினுக்கு 6 வயசு. அவோமின் 5 வயசுக்கு கீழ கூடாது, அவனுக்கு பாதி மாத்திரை, 12.5. குழந்தை டாக்டர்கிட்ட எடைய சொல்லி கேட்டுட்டுதான் குடுக்கணும் நித்யா. அடுத்த ஞாயிறு வீட்லயே ஒரு தடவை குடுத்துப் பாரு. சில குழந்தைங்க தூங்கறதுக்கு பதிலா அழுது அமர்க்களம் பண்ணும். அது கப்பல்ல தெரியறதவிட வீட்ல தெரியறது நல்லது. பெரியவங்களும் ஒரு தடவை வீட்ல போட்டு, எவ்ளோ நேரம் தூக்கம் வருதுன்னு பாத்துக்கங்க. அன்னிக்கு வண்டி ஓட்டாதீங்க. கார்த்தி, உனக்குதான்.

கார்த்தி: 👍

தனம்: ஆயாவுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். கை நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடறாங்க. ஸ்டுஜெரான் நடுக்கத்த ஜாஸ்தி பண்ணும், அவோமினும் அந்த நோய்க்கு ஆகாது. நரம்பு டாக்டர் சீட்டு இல்லாம ஆயா வாயில ஒண்ணும் போடக்கூடாது. தூக்க கலக்கத்துல ஆடற கப்பல்ல பாத்ரூம் போய் விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும். அவங்களுக்கு நடு ரூம், கைப்பிடி, படுக்கை, அவ்ளோதான்.

ராணி: 🎤 குரல் செய்தி 0:21

விக்கி: ஆயா சொல்றது: "நான் காசிமேட்டுல பொறந்தவ, எனக்கு இன்னாத்துக்கு மாத்திரை"

சேகர்: 🙏🙏

தனம்: மோகன் அண்ணா, உங்களுக்கும் டாக்டர கேக்காம கூடாது. கண்ணுல அழுத்தத்துக்கு சொட்டு மருந்து போடறீங்க, ராத்திரி ப்ராஸ்டேட் மாத்திரையும் போடறீங்க. அவோமின் கண் அழுத்தத்த ஏத்தலாம், சிறுநீர அடைக்கலாம். அடைச்சிக்கிச்சுன்னா நடுக்கடல்ல டியூப் போடற நிலைமை.

மோகன் (9:24): இதெல்லாம் குரூப்ல போடணுமா தனம்

தனம்: இங்க எல்லாரும் நம்மவங்கதானே அண்ணா. இன்னொண்ணு, சக்கரை. கிளிமிபிரைடு போட்டுட்டு சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தா சக்கரை சடார்னு இறங்கும். சாப்பாடு உள்ள தங்கலன்னா அந்த வேளை மாத்திரைய என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு எழுதி வாங்கிக்கங்க. மிஷினும் ஸ்ட்ரிப்பும் கைப்பையில இருக்கணும். பெரிய பெட்டில போட்டா ஏறின உடனே கைக்கு வராது.

கார்த்தி: காதுக்கு பின்னாடி ஒட்டற பேட்ச் இருக்காமே

தனம்: ஸ்கோபலமின். ஏறதுக்கு 4 மணி நேரம் முன்னாடி ஒட்டணும், 72 மணி நேரம் வேலை செய்யும். நம்ம பக்கம் மெடிக்கல்ல சாதாரணமா வெச்சிருக்க மாட்டாங்க. கண் அழுத்தம், ப்ராஸ்டேட் இருக்கறவங்களுக்கு அதுவும் ஆகாது. ஒட்டின கையோட கண்ண தொட்டா கண்ணுப்பாப்பா விரிஞ்சி பார்வை மங்கும், உடனே சோப்பு போட்டு கழுவணும்.

விக்கி: கப்பல்ல பார் இருக்குமா

ராணி: விக்கி

தனம்: மாத்திரை போட்டவங்க தொடவே கூடாது. ரெண்டும் சேந்தா தூக்கம் பல மடங்கு ஆகும். மாத்திரை போடாதவங்களுக்கும் மது காதோட சமநிலைய கெடுக்கும்.

சாந்தி (மதியம் 1:15): சாப்பாட்டுக்கு என்ன பண்றது தனம். வஞ்சிரம் வறுத்து எடுத்துட்டு வரலாம்னு இருந்தேன்

சேகர்: கிலோ இன்னா விலை தெரியுமா அண்ணி

சாந்தி: நீங்கதான் காசிமேட்டுல வாங்கித் தரப்போறீங்க

தனம்: வறுவல் வேணவே வேணாம் அண்ணி. எண்ணெய், காரம் வயித்துல ரொம்ப நேரம் நிக்கும். அதுக்காக வெறும் வயிறும் கூடாது, அது இன்னும் மோசம். ஏறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி. ஏறினப்புறம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை ரஸ்க், பொரி, பன்னு, பொட்டுக்கடலை. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். சுக்குப் பொடி அரை டீஸ்பூன், கிட்டத்தட்ட 1 கிராம், வெந்நீர்ல கலந்து அரை மணி நேரம் முன்னாடி. இஞ்சி மொரப்பாவும் சரி. சிலருக்கு நல்லா கேக்கும், சிலருக்கு ஒண்ணும் ஆகாது. ஆயாவுக்கும் அண்ணனுக்கும் இத முயற்சி பண்ணலாம்.

நித்யா: மணிக்கட்டுல போடற பட்டை?

தனம்: உள்ளங்கைக்கு கீழ இருக்கற கோட்டுல இருந்து மூணு விரல் தள்ளி, ரெண்டு நரம்புக்கு நடுவுல, பட்டைல இருக்கற குமிழ் அழுத்தணும். வாட்ச் மாதிரி கட்டினா பிரயோஜனம் இல்ல. ஆராய்ச்சில சரியா நிரூபணம் ஆகல. ஆனா கெடுதல் கிடையாது, கவினுக்கு போடு.

சேகர் (1:40): ஆரம்பிச்சிட்டா இன்னா பண்ணணும், அத்த சொல்லு தனம்கா

தனம்: அதுக்குதான் வரேன். வாய்ல தண்ணி ஊறும், கொட்டாவி வரும், நெத்தி வேர்க்கும், முகம் வெளுக்கும். அப்பவே போனை கீழ வைக்கணும். ரூம்ல உக்காந்து ரீல்ஸ் பாக்கறதும் படிக்கறதும்தான் பெரிய எதிரி. கப்பலோட நடுப்பகுதி திறந்த டெக்குக்கு போய் வானமும் கடலும் சேர்ற கோட்ட பாருங்க. அது அசையாது. கண்ணும் காதும் ஒரே சேதி சொல்ல ஆரம்பிக்கும். கிட்ட இருக்கற அலைய பாக்காதீங்க. பின்பக்கம் போகாதீங்க, புகை வாசனை வரும். வெளிய போக முடியலன்னா மல்லாந்து படுத்து கண்ண மூடி, தலைய அசைக்காம இருங்க.

சேகர்: கம்பில எட்டிப் பாத்து வாந்தி எடுக்காதீங்கோ. கவர் வெச்சிக்கோங்கோ. காத்து திருப்பி அடிச்சா பக்கத்துல நிக்கறவன் மேலதான்

தனம்: வாந்தி எடுத்தா ஓஆர்எஸ் பாக்கெட், கவர்ல போட்டிருக்கற அளவு தண்ணில கலந்து, ரெண்டு ரெண்டு ஸ்பூனா. ஒரேடியா குடிச்சா திரும்ப வரும். ஒண்ணுமே தங்கலன்னா கப்பல் டாக்டர்கிட்ட போங்க, ஊசி போட்டா நிக்கும். ஜுரமோ வயித்துப்போக்கோ நெஞ்சுவலியோ சேந்து வந்தா அது கடல் வாந்தி இல்ல, உடனே காட்டணும்.

நித்யா: மூணு நாளும் இப்படியேவா இருக்கும்?

தனம்: இல்ல. ரெண்டு மூணு நாள்ல உடம்பு பழகிடும். முதல் ராத்திரிதான் கஷ்டம். பழகினதுக்கப்புறம் இறங்கினா தரை ஆடற மாதிரி இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிடும். திங்கக்கிழமை யாரும் பைக் எடுக்காதீங்க.

பிரியா (இரவு 8:50): மெயிலுக்கு பதில் வரல. சித்தப்பா, பிப்ரவரிக்கு தள்ளினா காசு பிடிப்பாங்க போல. என்ன பண்றது?

சேகர்: இன்காய்ஸ்னு கடல் நிலவரம் சொல்ற கவர்மெண்ட் ஆபீசு இருக்கு, அதுல அலை உயரம் போடுவான், கிளம்பறதுக்கு மூணு நாளு முன்னாடி பாப்போம். 2 மீட்டருக்கு மேல காட்டினா யோசிக்கலாம்

பிரியா: மூணு நாள் முன்னாடி யோசிச்சா மொத்த காசும் போயிடும் சித்தப்பா

மோகன்: டிசம்பரே இருக்கட்டும்

சாந்தி: பிப்ரவரி நல்லது

ராணி: பட்டுப்புடவை எடுக்கறது எப்ப? அத யாரும் பேசல

பிரியா: சனிக்கிழமை ஆயா வீட்ல உக்காந்து பேசலாம். ரூம் விஷயமும் அன்னிக்கே.

ராணி: ரூம் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல.

தனம் (9:14): மோகன் அண்ணா, கண் டாக்டர் சீட்டும் சக்கரை சீட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. எந்த மாத்திரையோட எது ஆகாதுன்னு பாத்து எழுதித் தரேன், டாக்டர்கிட்ட காட்டுங்க.

மோகன்: 📷 படம்

தனம்: அண்ணா இது கரண்ட் பில்லு