எல்லாக் குறிப்பும் 500-க்குள்ளேயா?

கேள்வி:
எங்கள் கல்லூரி நூலகத்தின் மார்க் 21 பதிவுகளை (நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் பதியும் முறை) அதற்கு மாற்றாக வந்த பிப்ஃப்ரேமுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பொதுக் குறிப்புகளுக்கான 500 புலம்தான் தலைவலி. எனக்கு முன் இருந்தவர்கள் மனதில் பட்டதை எல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பதிவில் ‘துணைநூற்பட்டியல் பக். 212-218. முன்னட்டை இல்லை. வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது’ என்று மூன்றும் ஒரே மூச்சில்! முதலாவது, துணைநூற்பட்டியலுக்கென்றே உள்ள 504 புலத்துக்குப் போயிருக்க வேண்டியது. பிப்ஃப்ரேமில் சுருக்கத்துக்கும் பொருளடக்கத்துக்கும் தனி வகுப்பு உண்டு. மற்றவை ‘நோட்’ (குறிப்பு) வகுப்பில் போகட்டும், சரி. ஆனால் குறிப்பின் வகையை வெறும் சொல்லாக எழுதுவதா, அந்த வகைக்கான இணைய முகவரியாகச் சுட்டுவதா?

பதில் 1:
முகவரிதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் குறிப்பு வகைகளுக்கென்றே ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறது. சொல்லாக எழுதினால் ஒருவர் ‘நூலடைவு’ என்பார், இன்னொருவர் ‘துணைநூல்கள்’ என்பார். கணினிக்கு அவை இரண்டு வகை.

பதில் 2:
அதற்கு முன் குறிப்பு யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். முன்னட்டை இல்லாதது உங்கள் படிக்கு மட்டும். அது ‘ஐட்டம்’ (தனிப் படி) மட்டத்தில் இருக்க வேண்டும். பதிப்பு முழுவதற்கும் பொதுவான ‘இன்ஸ்டன்ஸ்’ மட்டத்தில் போட்டால், அந்தப் பதிவை எடுத்தாளும் நூலகம் எல்லாவற்றிலும் அட்டை கிழிந்துவிடும்!

கேட்டவர்:
சரியாகச் சொன்னீர்கள், நான் இன்ஸ்டன்ஸில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். முற்றுப்புள்ளியை வைத்துக் குறிப்புகளைப் பிரிக்க ஒரு நிரல் எழுதினேன். ‘பக்.’ என்ற இடத்திலேயே உடைத்துவிட்டது. இனி கையால்தான்.