மறு: மறு: லாக் நட்டுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

குன்னூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் வாகனப் பிரிவு மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு பாடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அலாய் வீல் திருடு போகாமலிருக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி வருமே, அதுதான் பிரச்சினை. மற்ற நட்டுகளுக்கு அறுகோணத் தலை. இதன் தலையில் வளைந்து நெளிந்த ஒரு வடிவம் வெட்டியிருக்கும். வண்டியோடு கொடுத்த சாவியை அதில் பொருத்தி, சாவியின் மேல் வீல் ஸ்பேனரைப் போட்டால்தான் கழலும். பட்டறையில் லாக் நட்டு என்கிறோம். நட்டுக்குக் கையேட்டில் மரை என்று வைத்திருக்கிறேன். ஆனால் இதைப் பூட்டு மரை என்று எழுத முடியவில்லை. அதிர்வில் நட்டு தளராமல் இருக்க அதன்மேல் இன்னொன்றை முடுக்குகிறோமே, செக் நட்டு, அதற்கு முந்தைய பாடத்திலேயே பூட்டு மரை என்று போட்டாயிற்று. அது அதிர்வுக்கு, இது திருடனுக்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது.

மூன்று சொற்கள் வேண்டும்: அந்த நட்டு, அதன் சாவி, சாவி தொலைந்தாலோ வடிவம் தேய்ந்தாலோ நட்டைக் கழற்றும் கருவி. நம் மலையின் மழையிலும் பனிமூட்டத்திலும் நட்டு துருவேறிப் பிடித்துக்கொள்வது சாதாரணம். மே மாதம் கீழிருந்து வருகிற வண்டிகள் வேறு வரிசையாக நிற்கும். பிள்ளைகள் இதைப் படித்தே ஆகவேண்டும்.

ஊட்டியிலிருந்து:

மரை என்று தொடங்கியதே சரியில்லை என்பது என் கருத்து. மரை என்பது புரி. ஆணியின் வெளிப்புறம் ஓடுவதும் மரை, நட்டின் உட்புறம் ஓடுவதும் மரை. ‘மரை தேய்ந்துவிட்டது’ என்று மெக்கானிக் சொல்லும்போது நட்டையா சொல்கிறார்?

நட்டுக்கு நம்மிடம் சுரை இருக்கிறது. வீட்டில் ஒரு பழைய தோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே புரி வெட்டிய சிறு குழல் சுரை, அதற்குள் போவது திருகாணி. தட்டார் இன்றும் அப்படித்தான் சொல்கிறார். வேல்தலையில் காம்பு நுழையும் குழலைச் சங்கப் புலவர்களும் சுரை என்றார்கள். குடைந்த உள்ளிடம் உடையது எதுவோ அது சுரை. சுரைக்குடுக்கையும் இந்த உறவுதான். மரையோ இன்னொரு பக்கம் மானுக்கும் பெயர். முற்றத்து நெல்லிக்காயைத் தின்ன வரும் மரையினத்தைக் குறுந்தொகையில் படித்திருப்பீர்கள். அது கடமானா, நீலமானா என்று இன்னும் பேச்சு ஓடுகிறது. இங்கே காட்டில் இருப்பது கடமான்தான். அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

ஆகவே காப்புச்சுரை. வல்லினம் மிகும்.

கோத்தகிரியிலிருந்து:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் சுரை எடுத்து வா என்றால் என் பட்டறைப் பையன் சுரைக்காய்க்குத்தான் கிளம்புவான். தட்டார் கடை மொழி ஸ்பேனர் பிடிக்கிறவனிடம் வந்து சேரவில்லை.

டீச்சர், பூட்டு என்பதை விட்டது நல்லது. அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏர் பூட்டு, வண்டி பூட்டு என்பது போல ‘டயரைக் கழற்றிப் பூட்டு’ என்றுதான் நாங்கள் பேசுகிறோம். எங்களுக்கு வீலைப் பூட்டுகிற எல்லா நட்டும் பூட்டு நட்டுதான்.

கருவியின் பெயருக்கு அதன் வேலையைப் பார்க்கவேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டை இளக்கவேண்டும், ஜாக்கி அப்புறம்தான். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுகிறோம். சாவி இல்லாவிட்டால், நட்டை விட ஒரு நூல் சிறிய பன்னிரண்டு முனை சாக்கெட்டை, அதாவது நட்டின்மேல் கவிழ்க்கும் குழல் ஸ்பேனரை, அதன்மேல் சுத்தியலால் அடித்து ஏற்றி, நீளக் கம்பி போட்டு மெதுவாக அழுத்துகிறோம். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சில நட்டுகளுக்கு வெளியே ஒரு வளையம் தனியாகச் சுற்றும். எதை அடித்து ஏற்றினாலும் வளையம் மட்டும் சுற்றும், நட்டு அசையாது. வளையத்தை முதலில் உடைத்தெடுக்க வேண்டும். அதற்கும் அடங்காததற்குத்தான் அந்தக் கருவி. அதன் உட்புறம் கூரான பற்கள் இடப்புறமாகச் சுழன்று ஓடும். கழற்றும் திசையில் திருகத் திருக நட்டின் உடம்பில் ஆழமாகக் கவ்வும். கடைசி வழி, மேலே வேறொரு நட்டை வெல்டு வைத்துத் திருப்புவது. பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் அதைத் தொடவே கூடாது. வீலின் பெயின்டும் போகலாம்.

அது பிடுங்குவதில்லை, கவ்வுகிறது. மரைகவ்வி என்று போடுங்கள். ‘மரைகழற்றி’ வேண்டாம். மரை கழன்றவன் என்ற பேச்சு வகுப்பில் உடனே வந்துவிடும்.

கூடலூரிலிருந்து:

சாவி போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் பெரியவர்கள் திறப்பு என்றே சொல்வார்கள். அழகான சொல், அகராதியில் தூங்காமல் புழக்கத்தில் இருக்கிறது. சுரைத்திறப்பு என்று வைக்கலாமே?

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, உங்கள் வீட்டில் புரியும். கோத்தகிரிச் சந்தையில் திறப்பு என்றால் கடை திறப்புவிழா. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவையும் கொண்டை ஊசி வளைவு என்கிறோம். கொண்டை ஊசி எல்லோர் வீட்டிலும் இருந்தது, அதனால் ஒட்டிக்கொண்டது. அதேபோல, இந்த நட்டைப் பார்த்ததும் ‘சார், சாவி எங்கே?’ என்றுதான் கேட்கிறோம். சாவி நட்டு என்று எழுதுங்கள், முடிந்தது.

ஊட்டியிலிருந்து:

போர்த்துகீசியத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டு அதைக் கலைச்சொல் என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பதா? திசைச்சொல்லுக்கு இலக்கணத்தில் இடம் உண்டு, மறுக்கவில்லை. இரண்டு பகுதியுமா? தூய சொல் புரியாது என்பதும் பொய். 1899இல் குன்னூருக்கு மலை ரயில் வந்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம், அதைப் பிடித்து ஏறுவது பல்சக்கரம். தேயிலை பறிக்கப் போகிறவருக்கும் அது புரிகிறது. சொல்லிக் கொடுத்தால் சுரையும் புரியும்.

குன்னூரிலிருந்து:

சாவி நட்டைச் சாவி மரை என்று மாற்றினால் பெரும்பாலோர் சரி என்கிறீர்கள். நட்டு வேண்டாம் என்ற ஐயாவின் பேச்சைப் பாதி ஏற்றிருக்கிறேன். ஆனால் அதன் சாவிக்கு மரைச்சாவி என்று வைத்தால் சாவி மரையோடு குழம்பும். அதனால் அது வெறும் சாவி. மூன்றாவது மரைகவ்வி. ‘சாவியை ஏர் கன்னில் (காற்றழுத்தத்தில் நட்டு திருகும் கருவியில்) மாட்டாதே, வடிவம் சிதையும்.’ ‘சாவியோடு வரும் குறியீட்டு அட்டையை வண்டிக்காரர் பத்திரமாக வைக்கட்டும், மாற்றுச் சாவி வாங்க அது வேண்டும்’ என்ற இரண்டு வரிகளையும் சேர்த்துவிட்டேன்.

ஊட்டியிலிருந்து:

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்ற வண்டிகளில் சக்கரத்தைப் பிடிப்பது நட்டு அல்ல, போல்ட்டு. அதிலும் சாவி வைத்தது உண்டு. அதற்குச் சாவி மரையாணி என்று எழுதப் போகிறீர்கள். அப்போது ஆணியும் மரை, நட்டும் மரை. சாவி மரை கொண்டு வா என்றால் மாணவன் எதைக் கொண்டு வருவான்? சுரை, ஆணி என்று பிரித்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், இசைவு தரவில்லை. கையேட்டின் பின்பக்கச் சொற்பட்டியலிலாவது ‘சுரை: மரையைக் காண்க’ என்று ஒரு வரி போடுங்கள்.

குன்னூரிலிருந்து:

போடுகிறேன் ஐயா. அடுத்து டார்க் ரெஞ்சு, நட்டை எவ்வளவு முறுக்கில் முடுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர். முறுக்குமானி என்பதா, முடுக்குமானி என்பதா? வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.