சீதனக் காணியும் புருசன்ர கையெழுத்தும்

பனங்கூடல்:
நேற்று ஒருத்தர் இஞ்ச எழுதிப்போட்டுப் போயிருக்கிறார்: "யாழ்ப்பாணத்தில சீதனம் பெண்ணின்ர பேரிலதான் எழுதுறது, அதால எங்கட பெண்டுகளுக்கு ஒரு குறையும் இல்லை" எண்டு. பேரில இருந்தால் காணுமோ? 1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்ர 6ஆம் பிரிவை எடுத்து வாசியுங்கோ. கலியாணம் கட்டின பெண் தன்ர காணியை விக்கவோ ஈடு வைக்கவோ புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். புருசன் தன்ர முதுசக் காணியை, அதாவது தாய் தகப்பன் வழி வந்த காணியை, விக்க அவளின்ர சம்மதம் தேவையில்லை.

கந்தர்மடத்தான்:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேரைச் சொல்லியே எழுதலாம். 1707இல ஒல்லாந்தர் காலத்தில, அவையின்ர அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எங்கட வழக்கச் சட்டமான தேசவழமையை எழுதேக்கையே முதுசம், சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து) எண்டு பிரிச்சாச்சு. சீதனம் அவளின்ர தனிச் சொத்து. இங்கிலாந்துப் பெண்டுகள் அதுக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரைக்கும் காத்திருந்தவை. இதைப் பெருமையாச் சொன்னால் உங்களுக்கு ஏன் கடிக்குது?

பனங்கூடல்:
கையெழுத்துக்குப் பதில் சொல்லுங்கோ.

உறுதிக்கட்டு:
ரெண்டு பேரும் சண்டை பிடிக்க முதல் ஒண்டைக் கவனியுங்கோ. கன இடத்தில பிழை உறுதியிலயே, அதாவது காணிப் பத்திரத்திலயே, இருக்கு. "சீதனமாக" எண்ட சொல் உறுதியில இருக்கவேணும். காணி மகளின்ர தனிப்பேரில இருக்கவேணும். "மணமக்கள் இருவருக்கும்" எண்டு எழுதினால் பாதி அண்டைக்கே போச்சு. நாலு எல்லையும், பரப்பளவும், வழிப் பாதையும் அட்டவணையில வரவேணும். உறுதி எழுதுற நொத்தாரிசுக்கு முன்னால ரெண்டு சாட்சி. பிறகு காணிப் பதிவகத்தில உடனே பதியவேணும். பதியாமல் பெட்டிக்குள்ள வச்சால், அதே காணியை வேறொருத்தருக்கு எழுதி அவர் முந்திப் பதிஞ்சிட்டால் வில்லங்கம். தாய் தகப்பன் சீவிய உரித்தை (சாகுமட்டும் காணியை அனுபவிக்கிற உரிமையை) வச்சுக்கொண்டால், அவை இருக்கும் மட்டும் மகளுக்குக் காணி கடதாசியில மட்டும்தான்.

கந்தர்மடத்தான்:
பாத்தீங்களோ, சட்டத்தில பிழை இல்லை, எழுதுறவையிலதான் பிழை. புருசன் சம்மதம் தராட்டில் அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர 8ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றம் தரலாம். விட்டிட்டுப் போன புருசன், பிரிஞ்சிருக்கிற புருசன், நியாயமில்லாமல் மறுக்கிறவர் எல்லாம் அதுக்குள்ள வருது. அதை ஏன் மறைக்கிறியள் பனங்கூடல்? பாதிச் சட்டம் படிச்சவை ஊருக்குப் புத்தி சொல்லக்கூடாது.

பனங்கூடல்:
மறைக்கேல்லை. தன்ர காணியை விக்க வழக்குப் போடவேணும் எண்டால் அது ஆற்ற காணி? வழக்கு எண்டவுடனே வாங்க வந்தவர் அட்வான்சைத் திருப்பிக் கேப்பார். புருசன் கனடாவில எண்டால் தூதரகத்தில அத்தாட்சிப்படுத்தின அற்றோனித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்து வைக்க வேறொருத்தருக்கு அதிகாரம் குடுக்கிற பத்திரம்) வந்துசேரவேணும். இவ்வளவும் அந்த ஒரு கையெழுத்துக்காக. இன்னொண்டு: பழைய தேசவழமையில சீதனம் வாங்கின மகளுக்கு, தாய் தகப்பன்ர மிச்சச் சொத்தில பங்கில்லை. அண்ணன் தம்பிக்கு இருக்கு. ஒரு கையால குடுத்து மற்றக் கையால பறிக்கிறது இதுதான்.

செவ்வந்தி:
கையெழுத்து கையெழுத்து எண்டு கத்துறியள். காசாக் குடுக்கிற டொனேசனை ஒருத்தரும் தொடேல்லை. அது பெண்ணின்ர பேரிலயும் இல்லை, உறுதியிலயும் இல்லை, ரசீதும் இல்லை. மாப்பிள்ளையின்ர தாய் தகப்பன்ர கைக்குப் போய், அவரின்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்குப் போகுது. அந்த வீட்டில மூண்டு குமர் எண்டால் தொகை ஏறும். பெண்ணுக்குச் செவ்வாய் தோசம் எண்டால் இன்னும் ஏறும்.

கணிதன்:
செவ்வாயை ஏன் இழுக்கிறீங்கள், தங்கச்சி? லக்கினத்துக்கு 2, 4, 7, 8, 12இல செவ்வாய் நிண்டால்தான் தோசம். மேசம், விருச்சிகம், மகரத்தில நிண்டால் விலக்கு. சாத்திரம் தெரியாமல் சாத்திரத்தைக் குறை சொல்லக்கூடாது.

செவ்வந்தி:
12 வீட்டில 5 வீடு தோசம். சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் எண்ணிப் பாக்கிற ஆக்களும் இருக்கினம், அப்ப தப்புற பிள்ளை எத்தினை? பெடியனுக்கும் அதே செவ்வாய்தான், அவற்ற விலை ஏன் குறையேல்லை எண்டு சொல்லுங்கோ.

கணிதன்:
பொருத்தம் வேற, பேரம் வேற. பேரம் பேசுறது தரகர், சாத்திரி இல்லை.

கந்தர்மடத்தான்:
டொனேசனைத் தேசவழமையில கட்டாதேங்கோ. அது பழக்கம், சட்டம் இல்லை. விருப்பமில்லாட்டில் குடுக்காமல் விடுங்கோ.

பனங்கூடல்:
குடுக்காமல் விட்டால் பிள்ளை வீட்டில இருக்கும், ஊர் தகப்பனைத்தான் கேக்கும். இது உங்களுக்கும் தெரியும். சரி, கையெழுத்து?

வல்லைவெளி:
ஐசாக்ஸ் எழுதினது வெறும் தொகுப்புத்தான். ஆங்கிலேயர் அதைச் சட்டமா ஏற்றது 1806இல, 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால. 1707 எண்டு பெருமை பேசுறவருக்கு இது தெரியாதோ?

கந்தர்மடத்தான்:
தெரியும். போன மாசமும் நீங்கள் இப்பிடித்தான் ஆண்டுக் கணக்கோட வந்து எல்லாத்தையும் குழப்பினனீங்கள், வல்லைவெளி.

வல்லைவெளி:
போன மாசம் பிழை விட்டது நீங்கள். 1961ஆம் ஆண்டுச் சீதனத் தடைச் சட்டத்தை இலங்கைச் சட்டம் எண்டு எழுதினீங்கள். அது இந்தியாவின்ர.

கந்தர்மடத்தான்:
அதுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

பனங்கூடல்:
மூண்டாந்தரம் கேக்கிறன். பெண்ணின்ர காணி, பெண்ணின்ர உறுதி. புருசன்ர சம்மதம் ஏன் வேணும்?

கந்தர்மடத்தான்:
குடும்பச் சொத்துச் சிதறக்கூடாது எண்டுதான்.

பனங்கூடல்:
புருசன்ர முதுசம் சிதறினால் பரவாயில்லையோ?